பிள்ளையின் மூச்சை அளந்த நான்கு கிழமைகள்

2022 டிசம்பர் 8ஆம் திகதி இரவை எங்கள் பக்கத்தில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றது. மழையை விடக் குளிர்தான் அதிகம். வடக்கிலும் கிழக்கிலும் பட்டிகளில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. வானம் மழைமேகம்போல இல்லாமல் புகை மூடியதுபோல மங்கிக் கிடந்தது. இந்தியப் பக்கத்திலிருந்து மாசடைந்த காற்று வருகிறது என்று அறிவித்து, மறுநாள் வெள்ளிக்கிழமை பாடசாலைகளுக்கு அரசாங்கம் விடுமுறை கொடுத்தது. காற்றுக்காகப் பள்ளிக்கூடம் மூடியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்த இரவில்தான் என் மகளுக்கு முட்டு வந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. குளிருக்குப் பயந்து கதவு, யன்னல் எல்லாம் பூட்டி, உள்ளே நுளம்புச்சுருளும் கொளுத்தி வைத்திருந்தோம். இரண்டு மணியளவில் எழும்பி இருந்தவள், "அம்மா... ஏலாமல்... கிடக்கு" என்று மூன்று சொல்லுக்கு மூன்று தரம் மூச்சு வாங்கினாள். கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் பள்ளம் விழுந்து எழும்பியது. அயலவரின் முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். நெபுலைசரில் ஆவி பிடித்து, ஒட்சிசன் வைத்து, விடியும்போதுதான் அவளுக்கு நித்திரை வந்தது.

காலையில் வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"ரீச்சர், மண்ணிற பம் எழுதியிருக்கே. ஒழுங்கா அடிக்கிறவவோ?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சொல்ல எனக்கு நல்ல பதில் இருக்கவில்லை. மண்ணிற இன்ஹேலரை நான்கு மாதங்களுக்கு முன்னரே நிற்பாட்டியிருந்தேன். "பழகிப்போனால் விட ஏலாது" என்று மருந்துக்கடை ஒன்றில் சொன்னார்கள். "பொம்பிளைப் பிள்ளை, பம் அடிக்கிறது வெளியில தெரிஞ்சால் நாளைக்குக் கலியாணப் பேச்சில வரும்" என்று அம்மா சொன்னா. இவை இரண்டையும்விட என் மனதில் நின்ற காரணம் வேறு. அவளுக்கு ஆஸ்துமா என்று எவரும் எனக்கு அளந்து காட்டியதில்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது, டெங்குவுக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. முட்டுக்கு மட்டும் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். போகிற நேரம் இழுப்பு இல்லையென்றால் "சளிதான்" என்று பாணி மருந்தோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வைத்தியசாலை ஒன்றிலிருந்து நாலு தரம் வீடு வந்திருக்கிறோம்.

இதை வைத்தியரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அளக்கலாம்தானே. அளந்து பாப்பம்" என்றார். அதன் பிறகு வாசித்ததும், கேட்டறிந்ததும், வீட்டில் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஏன் ஒருநாள் சோதனை போதாது

ஆஸ்துமா என்பது எந்நேரமும் ஒரேமாதிரி நிற்கிற வருத்தம் அல்ல. மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் அழற்சி இருக்கும். தூசு, புகை, தடிமன், குளிர்காற்று, ஓட்டம் என்று ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி சுரக்கும். பிறகு தானாகவோ மருந்தாலோ திறந்துவிடும். அதனால்தான் இரவு இரண்டு மணிக்கு இழுத்த பிள்ளை காலை பத்து மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. குழாயை வைத்துக் கேட்டால் ஒன்றும் கேட்காது. வைத்தியர் பொய் சொல்லவில்லை, தாயும் பொய் சொல்லவில்லை.

ஆகவே அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குழாய் எவ்வளவு இறுகுகிறது, எவ்வளவு திறக்கிறது என்ற ஏற்ற இறக்கம். மற்றது, உள்ளே அழற்சி இருக்கிறதா என்பது. முதலாவதை ஊதும் வேகத்தால் அளக்கலாம். இரண்டாவதை அளக்க, ஊதும் காற்றில் என்ன வாயு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊதும் காற்றை அளக்கும் கருவி புதிதல்ல. ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் 1846இல் ஸ்பைரோமீற்றரை அறிமுகப்படுத்தினார். இன்றைய ஸ்பைரோமீற்றர் மேசையில் வைக்கும் சிறு பெட்டி. பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முழுப்பலத்தோடு ஊதி, காற்று முடியும்வரை விடாமல் ஊத வேண்டும். முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியேறியது என்பதுதான் முக்கிய எண். பிறகு சல்பியூட்டமோல் என்ற நீல இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப ஊத விடுவார்கள். அந்த எண் 12 வீதம் அல்லது அதற்கு மேல் கூடினால், இறுகியிருந்த குழாய் மருந்துக்குத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இப்படி ஊத வைப்பது பெரும்பாடு. அவர்களுக்கு வைத்தியரின் கேள்விகளும் மருந்து கொடுத்துப் பார்ப்பதும்தான் வழி.

எங்களுக்குக் கிடைத்தது இன்னும் எளிய கருவி. பீக் ஃபுளோ மீற்றர். மாட்டின் ரைற் என்ற பிரித்தானியர் 1950களில் செய்ததன் சிறிய வடிவம். பிளாஸ்ரிக் குழாய், உள்ளே ஒரு சுருள்வில்லு, வெளியே அளவுகோலில் நகரும் ஒரு முள். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். யாழ்ப்பாணம் போன உறவினர் ஒருவரிடம் சொல்லி மருந்தகத்தில் வாங்குவித்தேன்.

செய்முறை இதுதான். முள்ளைப் பூச்சியத்துக்குத் தள்ள வேண்டும். பிள்ளை எழும்பி நிற்க வேண்டும். மூச்சை நிறைய இழுத்து, ஊதுவாயை உதட்டால் இறுக்கி, ஒரே அடியாக ஊத வேண்டும். பிறந்தநாள் மெழுகுதிரியைத் தூரத்திலிருந்து அணைப்பதுபோல என்று சொன்னதும் மகளுக்கு விளங்கிவிட்டது. நாக்கால் துவாரத்தை அடைக்கக் கூடாது, கன்னத்தை உப்பித் துப்பவும் கூடாது. துப்பினால் எண் பொய்யாக ஏறும். எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாளும் அதுதான் நடந்தது. மூன்று தரம் ஊதி, அதிகூடிய எண்ணை எழுத வேண்டும். சராசரி எடுக்கத் தேவையில்லை. காலையில் ஒருக்கால், மாலையில் ஒருக்கால்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் காலை எண் குறைந்தும் மாலை எண் கூடியும் இருப்பது வழக்கம். அதிகாலையில்தான் குழாய்கள் கூட இறுகும். மண்ணிற மருந்தைத் திரும்பத் தொடங்கிய முதல் கிழமையில் என் கொப்பியில் ஒரு நாள் காலை 150, மாலை 195. வித்தியாசம் 45. இரண்டினதும் சராசரி 172.5. வித்தியாசத்தைச் சராசரியால் பிரித்தால் 26 வீதம். இப்படி ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்து, இரண்டு கிழமைக்குச் சராசரி எடுக்கிறார்கள். பிள்ளைகளில் அந்தச் சராசரி 13 வீதத்தைத் தாண்டினால் மிகையான ஏற்ற இறக்கம் என்கிறது ஜீனா எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி. பிரித்தானிய வழிகாட்டி இன்னும் கடுமையாக 20 வீதம் என்று கோடு போடுகிறது. என் மகள் இரண்டு கோட்டையும் தாண்டி நின்றாள்.

நான்காம் கிழமையில் காலை 205, மாலை 215. வித்தியாசம் 5 வீதத்துக்குள் வந்துவிட்டது. சதுரக் கொப்பியில் நானே கீறிய கோட்டுப்படத்தில் அரிவாள் பல்போல ஏறி இறங்கிய கோடு மெல்ல மெல்ல நேராவதைப் பார்த்தேன். பழகிப்போகும் என்று நான் பயந்த அந்த மண்ணிற மருந்து என்ன செய்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அது பெக்லோமெதசோன். நீல மருந்து இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மண்ணிறம் அழற்சியை நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் அடக்கும். அடித்த உடனே ஒரு சுகமும் தெரியாது. அதனால்தான் தாய்மார் முதலில் நிற்பாட்டுவது அதைத்தான். அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் வாயில் வெண்புண் வரலாம். பழகிப்போவது என்ற கதைக்கு இடமில்லை.

லண்டனில் ஊதிய மருமகன்

என் தங்கச்சி லண்டனில் இருக்கிறா. அவவின் மகனுக்கும் என் மகளின் வயதுதான். அவனுக்கு இரவில் வரட்டு இருமல். பிறகொரு நாள் அவனுக்குச் செய்த சோதனையை வீடியோவாக அனுப்பியிருந்தா. கையில் அடங்கும் ஒரு கருவி, அதன் திரையில் ஒரு படம். அவன் ஊதும் வேகம் சரியாக இருந்தால் படத்தில் இருப்பது நடுவில் மிதக்கும். கூடினால் மேலே போகும், குறைந்தால் விழும். பலமாக ஊதுவதல்ல, ஒரே சீராக ஊதுவதுதான் காரியம். செக்கனுக்கு 50 மில்லிலீற்றர் வேகம், பிள்ளைகளுக்கு ஆறு செக்கன், பெரியவர்களுக்குப் பத்து செக்கன். ஒரு நிமிடமளவில் எண் வந்தது: 48.

"அக்கா, முதல் நாள் இரவு பீற்றூட் கறி வைக்கக் கூடாதெண்டு சொன்னவை. நான் வைச்சுப்போட்டுப் பிறகு ஞாபகம் வந்து கொட்டினனான்" என்றா. அது நியாயமான கட்டளைதான். அந்தக் கருவி அளப்பது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை. பீற்றூட், கீரை போன்ற நைத்திரேற்று கூடிய சாப்பாடு அந்த எண்ணை ஏற்றிவிடும். தடிமனும் ஏற்றும். புகைபிடித்தல் இறக்கும். ஸ்பைரோமீற்றரில் பலமாக ஊதினால் சிறிது நேரத்துக்கு எண் இறங்கும், ஆகவே இரண்டும் செய்வதென்றால் இதை முதலில் செய்ய வேண்டும்.

நைத்திரிக் ஒட்சைட்டின் கதை சுவையானது. வாகனப் புகையில் வரும் நச்சு வாயு என்றுதான் நெடுங்காலம் அதை அறிந்திருந்தார்கள். நம் உடலே அதைச் சிறு அளவில் செய்து இரத்தக் குழாய்களுக்குச் செய்தி அனுப்புகிறது என்று பிறகு தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னரே, 1991இல், மனிதர் வெளிவிடும் மூச்சிலும் அது இருக்கிறது என்று சுவீடனில் குஸ்டாஃப்சனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஆஸ்துமாக்காரரின் மூச்சில் அது கூட இருக்கிறது என்று 1993இல் அதே நாட்டின் அல்விங் குழுவினர் எழுதினார்கள். ஒவ்வாமை வகை அழற்சியில் மூச்சுக்குழாயின் உட்தோல் இந்த வாயுவைக் கூடுதலாகச் செய்கிறது. அதுதான் காரணம்.

அளவு மிக நுண்ணியது. 48 என்றால் நூறு கோடிப் பங்கு காற்றில் 48 பங்கு. மூக்குக்குள் இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. அது கலந்தால் எண் பிழைத்துவிடும். அதனால் ஊதுவாயில் வேண்டுமென்றே ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடைக்கு எதிராக ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதி எழும்பி மூக்கின் வழியை மூடிக்கொள்ளும்.

பிள்ளைகளில் 20க்குக் கீழ் என்றால் இந்த வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு, 35க்கு மேல் என்றால் கூட, இடையில் என்றால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் 2011இல் வகுத்தது. 2024 நவம்பரில் வந்த பிரித்தானிய வழிகாட்டி, ஆஸ்துமா போன்ற அறிகுறிகள் உள்ள 5 முதல் 16 வயதுப் பிள்ளைக்கு எண் 35 அல்லது மேல் வந்தால் ஆஸ்துமா என்று உறுதிப்படுத்தலாம் என்கிறது. அந்தக் கருவி இல்லாத இடத்தில் ஸ்பைரோமீற்றர், அதுவும் இல்லாத இடத்தில் இரண்டு கிழமைப் பீக் ஃபுளோ என்று அதே வழிகாட்டி படியிறங்கி வருகிறது. அந்தக் கடைசிப் படியில்தான் ஜெயபுரத்தில் நானும் என் கொப்பியும் நின்றிருக்கிறோம். இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த மூச்சுச் சோதனையை மந்திரக்கோல் என்று நினைக்கவும் கூடாது. ஒவ்வாமைத் தடிமனும் தோலில் கரப்பனும் உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமா இல்லாமலே எண் ஏறி நிற்கலாம். ஆஸ்துமா உள்ள சில பிள்ளைகளுக்கு எண் ஏறாமலே இருக்கலாம். மருந்து ஒழுங்காக எடுத்தாலும் இறங்கிவிடும். ஊதினால் எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்றும் சொல்லாது. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ வேண்டும். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம் என்று ஊரில் பிள்ளைகளின் சாப்பாட்டை வெட்டுகிறார்கள். எந்த ஊதல் சோதனையும் அதற்குச் சாட்சி சொல்லாது. சோதிக்காமல் சாப்பாட்டை நிற்பாட்டி மெலிந்துபோன பிள்ளைகளை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் காற்று

எண்களைத் திகதியோடு எழுதியதில் இன்னொரு பயன் கிடைத்தது. எந்த நாளில் இறங்கியது என்று திரும்பிப் பார்க்கலாம். எங்கள் கொப்பியில் இறங்கிய நாட்கள் மூன்று வகை. அயலில் காலபோக அரிவு வெட்டு மெசின் ஓடிய நாட்கள், கிரவல் வீதியில் ரிப்பர்கள் போன நாட்கள், நுளம்புச்சுருள் கொளுத்திய இரவுக்கு மறுநாள் காலை. கடைசியதுதான் என்னை உலுப்பியது. ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. பூட்டிய அறைக்குள் அதைக் கொளுத்தி வைத்துவிட்டு, அந்தப் புயல் இரவில் வெளிக்காற்றை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நுளம்புவலைதான். டெங்குவையும் யோசிக்க வேண்டும், ஆகவே வலை இல்லாமல் சுருளை மட்டும் நிற்பாட்டச் சொல்ல மாட்டேன்.

விறகடுப்பை நிற்பாட்ட எங்களால் முடியவில்லை. 2022இல் எரிவாயு இல்லாமல்போன மாதங்களில் எரிவாயு பாவித்தவர்களே விறகுக்குத் திரும்பினார்கள். செய்யக்கூடியதாக இருந்தது, குசினிச் சுவரில் மேலே ஒரு வரிசைக் கல்லை எடுத்துப் புகைக்கு வழி விட்டதும், ஈர விறகை ஒதுக்கியதும், அடுப்படியில் மகள் இருந்து படிப்பதை மாற்றியதும். தலையணையும் தும்பு மெத்தையும் இன்னொரு சங்கதி. கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் நம் தோல்பொருக்கைத் தின்று அங்கே வாழ்கின்றன. அவற்றின் எச்சம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. விரிப்பைக் கொதிநீரில் தோய்த்து நல்ல வெயிலில் போடுவது எங்களுக்குச் செலவில்லாத வேலை. வேலியோரத்துப் பாத்தீனியத்தையும் பிடுங்கினோம். இந்தியப் படையினர் கொண்டுவந்த ஆடுகளோடு வந்து வன்னியில் பரவியது என்று சொல்லப்படும் செடி அது. தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. பூக்கும் முன், கையுறை போட்டு, பிள்ளைகளை விலக்கிவைத்துப் பிடுங்க வேண்டும்.

ஸ்பேசர் பற்றியும் எழுத வேண்டும். இன்ஹேலரை நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையில் ஒட்டிப்போகும். இடையில் ஒரு வெற்றுக் குடுவை இருந்தால் பிள்ளை ஆறுதலாக இழுக்கலாம். ஸ்பேசர் வாங்க முடியாத தாய்மாருக்குச் சொல்லக்கூடிய செய்தி ஒன்று தென்னாபிரிக்காவில் இருக்கிறது. கேப் ரவுணில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும் அரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, பசையால் ஒட்டிப் பரிசோதித்தார்கள். முட்டு வந்த பிள்ளைகளுக்கு அது கடையில் வாங்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. 1999இல் லான்செற் இதழில் வந்தது. போத்தலைச் சவர்க்கார நீரில் கழுவி, துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு அடி, ஐந்து மூச்சு, பிறகு அடுத்த அடி. நான் செய்து கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி, சரி என்ற பிறகுதான் பாவித்தேன்.

வைத்தியர் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று கோடு போட்டுத் தந்தார். மகளின் அதிகூடிய எண் 220. அதன் 80 வீதமான 176க்கு மேல் பச்சை. 110க்கும் 176க்கும் இடையில் மஞ்சள், நீல மருந்து கொடுத்துக் கவனிக்க வேண்டும். 110க்குக் கீழ் சிவப்பு, மருந்தைக் கொடுத்தபடியே வாகனம் பிடிக்க வேண்டும். ஆனால் வசனம் பேச முடியாமல் மூச்சு வாங்கும் பிள்ளையை, உதடு நீலம் பாரித்த பிள்ளையை, சோர்ந்து இழுப்புச் சத்தமே அடங்கிப்போன பிள்ளையை ஊதச் சொல்லி நேரம் போக்கக் கூடாது. சத்தம் அடங்கினால் சுகம் வந்துவிட்டது என்று நினைப்பதுதான் மிகவும் ஆபத்தானது.

எங்கள் மகள் இப்போது பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றர் ஓடுகிறாள். ஓடுமுன் நீல மருந்து இரண்டு அடி, அதுவும் வைத்தியர் சொன்னபடி. முதல் வருடம் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் போத்தலை எடுக்க நான்தான் வெட்கப்பட்டேன், அவள் வெட்கப்படவில்லை. அம்மா இன்னும் கலியாணப் பேச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா. ஆனால் மாலை ஆறு மணியானால் "பிள்ளை, ஊதினியோ?" என்று கேட்பதும் அவதான்.

மீற்றர் இந்தக் கிழமை எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஏழு வயதுப் பொடியன் ஒருவனுக்கு இரவு இருமல். அவனுக்கும் நாலு தரம் "சளி" என்று எழுதியிருக்கிறது. ஊதுவாயைக் கழுவிக் காயவைத்து, ஒரு சதுரக் கொப்பியும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.